மேவிக் 3 ப்ரோவில் வான்படம்: கைக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

முதன்முதலில் ட்ரோனில் படம் எடுத்து வந்து கணினியில் போட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சொல்வார்கள். ஒன்று, படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. இரண்டு, நல்ல காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சமும் நிறமும் தானாக மாறிவிடுகின்றன. இரண்டுக்கும் கேமரா பொறுப்பல்ல. ஷட்டர், ஃபில்டர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ், பறக்கும் பாதை எல்லாவற்றையும் தரையிலேயே பூட்டிவிட்டு ஏறினால் இவை வராது. மேலே போனபின் கைக்கு ஒரே வேலைதான் இருக்க வேண்டும்: ரிமோட்டின் ஸ்டிக்கை மெதுவாக நகர்த்துவது.

இங்கே எடுத்துக்கொள்வது டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 ப்ரோ. 2023 ஏப்ரலில் வந்தது. எடை 958 கிராம். மூன்று கேமராக்கள் ஒரே கிம்பலில், அதாவது கேமராவை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் தாங்கியில், இருக்கின்றன: 24 மி.மீ. காட்சிக்கோணம் தரும் ஹாசல்பிளாட் பிரதான கேமரா, 70 மி.மீ. நடுத்தர டெலி (தொலைவை அருகே காட்டுவது), 166 மி.மீ. டெலி. பிரதான கேமராவின் சென்சார் 4/3 அளவு. அதன் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 2.8 முதல் எஃப் 11 வரை மாற்றலாம்; எண் கூடினால் துளை சிறிதாகும். சிறிய ட்ரோன்கள் பலவற்றில் அபர்ச்சர் நிலையானது. இதில் மாற்ற முடிவது பெரிய வசதி. கீழே சொல்லும் முறைகள் வேறு ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும், எண்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

வாங்கும் முன்

2025 மே மாதம் மேவிக் 4 ப்ரோ வந்தபின் பலர் பழைய 3 ப்ரோவை விற்கிறார்கள். பயன்படுத்தியதை வாங்குவதானால் நான்கு விஷயம் பாருங்கள். விற்பவர் தன் டிஜேஐ கணக்கிலிருந்து ட்ரோனை உங்கள் கண்ணெதிரே விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் வாங்கினால் அது அவர் கணக்கோடு கட்டுண்டே கிடக்கும். டிஜேஐ ஃப்ளை செயலியில் ஒவ்வொரு பேட்டரியும் எத்தனை முறை சார்ஜ் ஆனது என்று பாருங்கள். பேட்டரியைத் தட்டையான மேசையில் வைத்து அழுத்தினால் ஆடக்கூடாது. ஆடினால் உப்பியிருக்கிறது, வேண்டாம். கடைசியாக, ட்ரோனை ஆன் செய்து கிம்பல் சுயசோதனை செய்யும் சத்தத்தைக் கேளுங்கள். நடுக்கமோ, 'கர்ர்' என்ற உரசலோ, ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதோ இருந்தால் அது விழுந்து எழுந்த ட்ரோன்.

இந்தியாவில் இருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது; பாதுகாப்புத் துறை, ஆய்வு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. ட்ரோன் விதிகள் 2021-இன்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இந்த வகையைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் ட்ரோனுக்குத் தனி அடையாள எண் வேண்டும், அந்த எண் பெற அந்த மாடலுக்கு வகைச் சான்றிதழ் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வந்த மேவிக்கைப் பதிவு செய்ய வழி கிடைக்காது. எனவே இந்தியாவில் வான்படம் பழக விரும்புகிறவர்கள் சான்றிதழ் பெற்ற உள்நாட்டு மாடலிலேயே தொடங்குங்கள்.

முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள பகுதியில் அது 200 அடியாகக் குறைகிறது. அதற்கு உள்ளே வந்தால் அனுமதி வேண்டும். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோவில் போன்ற தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் ட்ரோனை எடுக்கவே எடுக்காதீர்கள்.

வேறு நாடுகளில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: கனடாவில் 250 கிராம் முதல் 25 கிலோ வரை உள்ள ட்ரோனைப் பதிவு செய்து, பதிவு எண்ணை ட்ரோனில் எழுதி, குறைந்தது அடிப்படைச் சான்றிதழ் தேர்வையாவது இணையத்தில் எழுதி முடிக்க வேண்டும். உயரம் 122 மீட்டர். அடிப்படைச் சான்றிதழுக்கு, தொடர்பில்லாதவர்களிடமிருந்து கிடைமட்டமாக 30 மீட்டர் தள்ளி. சிங்கப்பூரில் 250 கிராமுக்கு மேலிருந்தால் பதிவு கட்டாயம், 200 அடிக்கு மேல் போக அனுமதி வேண்டும், விமான தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி வேண்டும். பிரிட்டனில் பறப்பவருக்கு ஒரு எண், உரிமையாளருக்கு ஒரு எண், உயரம் 120 மீட்டர். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு செய்ய வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் பக்கத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ஒருமுறை பாருங்கள்.

உடன் வாங்க வேண்டியவை

பேட்டரி மூன்று. ஒரு பேட்டரிக்கு 43 நிமிடம் என்று பெட்டியில் போட்டிருக்கும். காற்றே இல்லாத சோதனையில், பேட்டரி முழுக்கத் தீரும் வரை பறக்கவிட்டு எடுத்த கணக்கு அது. நடைமுறையில் 25 முதல் 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) தொகுப்பு ஒன்று: 8, 16, 32, 64. இந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். எடை கொஞ்சம் கூடினாலும் கிம்பல் மோட்டார் திணறும்.

மைக்ரோ எஸ்டி கார்டு, வி30 தரம் (நொடிக்கு 30 மெகாபைட் எழுதுவது), 128 ஜிபி, இரண்டு. கணக்கு எளிது: உயர்ந்தபட்சப் பதிவு வேகம் நொடிக்கு 200 மெகாபிட், அதாவது 25 மெகாபைட். நிமிடத்துக்கு 1.5 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஏறக்குறைய 80 நிமிடம் பிடிக்கும். கார்டை வீட்டிலேயே மறந்து வந்துவிட்டால் ட்ரோனுக்குள் இருக்கும் 8 ஜிபி கைகொடுக்கும், ஆனால் அது ஐந்து நிமிடப் படத்துக்குத்தான் வரும்.

இரண்டு செட் உதிரி இறக்கைகள், மடக்கும் தரைவிரிப்பு ஒன்று, மென்மையான துணி, சிறிய ஊதுகுழல். இவ்வளவு போதும்.

முதல் ஐந்து பேட்டரி: பதிவு பொத்தானைத் தொடாதீர்கள்

ஆசை அடக்க முடியாதுதான். ஆனாலும் முதல் ஐந்து பேட்டரியைக் கைப்பழக்கத்துக்கே கொடுங்கள். ஆள் நடமாட்டமில்லாத திறந்த மைதானம் வேண்டும்.

இடது ஸ்டிக் மேலே கீழே தள்ளினால் உயரம், பக்கவாட்டில் தள்ளினால் ட்ரோன் நின்ற இடத்திலேயே திரும்பும். வலது ஸ்டிக் முன்னே பின்னே, இடம் வலம். ரிமோட்டின் இடது மேல் மூலையில் உள்ள சக்கரம் கேமராவைத் தலை குனியவும் நிமிரவும் வைக்கும்.

1. ஐந்து மீட்டர் உயரத்தில் நிறுத்தி, மூக்கு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்க, ஒரு சதுரம் போடுங்கள். பத்து முறை.

2. மூக்கை உங்கள் பக்கம் திருப்பி அதே சதுரம். இப்போது இடமும் வலமும் கண்ணுக்குத் தலைகீழாகும். பல விபத்துகள் இந்த நிலையில்தான் நடக்கின்றன. அவசரத்தில் கை பழைய பக்கத்துக்கே போகும். குழம்பினால் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் இருந்தால் ட்ரோன் அங்கேயே நிற்கும்.

3. எட்டு வடிவம். முன்னே போய்க்கொண்டே திரும்ப வேண்டும்.

4. ஒரு மரத்தையோ கம்பத்தையோ நடுவில் வைத்துச் சுற்றுங்கள். வலது ஸ்டிக்கை வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, இடது ஸ்டிக்கை இடப்பக்கம் அதைவிடக் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். செயலியில் தானாகச் சுற்றும் வசதி இருக்கிறது, ஆனால் இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

5. முன்னே போய்க்கொண்டே சக்கரத்தால் கேமராவை மெல்ல நிமிர்த்துங்கள். தொடங்கும் இடமும் நிற்கும் இடமும் தெரியாத அளவுக்கு மென்மையாக வரும்வரை.

இந்தப் பயிற்சியோடு ஸ்டிக்கின் கூர்மையையும் குறைத்துவிடுங்கள். ரிமோட்டில் சினி, நார்மல், ஸ்போர்ட் என்று மூன்று நிலைகள். படத்துக்கு எப்போதும் சினி. செயலியின் கட்டுப்பாட்டுப் பகுதியில், ஸ்டிக்குக்கு ட்ரோன் எவ்வளவு வேகமாக இணங்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் கெயின், எக்ஸ்போ என்ற அமைப்புகள் இருக்கும். திரும்பும் வேகத்தை நொடிக்கு 20 பாகை அளவுக்கும், கேமரா குனியும் வேகத்தை 10 அளவுக்கும் இறக்குங்கள். மென்மை என்ற எண்ணை ஏற்றுங்கள். தொழிற்சாலை அமைப்பில் கேமரா குனிவது தலையை வெடுக்கென்று ஆட்டுவதுபோல் இருக்கும். இந்த இரண்டு எண்ணை மாற்றிய அன்றே படம் வேறு மாதிரி தெரியும்.

ஸ்போர்ட் நிலையில் தடை உணரிகள் வேலை செய்யாது. காற்றை எதிர்த்து வீடு திரும்ப மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடம்

மொட்டைமாடி வேண்டாம். கான்கிரீட்டுக்குள் கம்பிவலை இருக்கிறது. ட்ரோனின் திசைகாட்டி அந்த இரும்பால் திசை தவறும். ஜிபிஎஸ் ஒரு திசை சொல்ல, திசைகாட்டி வேறு திசை சொல்ல, ட்ரோன் நின்ற இடத்தில் நிற்க முயன்று வட்டமடிக்கத் தொடங்கும். வட்டம் சுற்றுக்குச் சுற்று பெரிதாகும், கடைசியில் தண்ணீர்த் தொட்டியிலோ பக்கத்து வீட்டுச் சுவரிலோ மோதும். கார் பானட், இரும்புப் பாலம், மேன்ஹோல் மூடி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். காந்தக் குறுக்கீடு என்று திரையில் வந்தால் அதே இடத்தில் நின்று திசைகாட்டியைச் சீரமைக்க முனையாதீர்கள், தவறான இடத்தில் செய்யும் சீரமைப்பும் தவறாகத்தான் இருக்கும். ட்ரோனைத் தூக்கிக்கொண்டு பத்து இருபது மீட்டர் தள்ளி மண் தரைக்குப் போங்கள். எச்சரிக்கை போய்விட்டால் அப்படியே கிளம்பலாம்.

மணலில் வைத்தும் கிளம்பாதீர்கள். இறக்கைக் காற்றில் எழும் மணல் கிம்பல் மோட்டாருக்குள் போகும். தரைவிரிப்பின் வேலை இதுதான். அதன் நான்கு மூலைக்கும் கல் வையுங்கள், இல்லையென்றால் விரிப்பே எழும்பி இறக்கையில் சிக்கும்.

தலைக்கு மேலே மரக்கிளை இருக்கக்கூடாது. தானாகத் திரும்பும்போது ட்ரோன் கிளம்பிய இடத்துக்கு மேலே வந்து நேராக இறங்கும்.

கிளம்பும் வரிசை

கிம்பல் மூடியைக் கழற்றுங்கள். முன் கைகளை முதலில் விரித்து, பிறகு பின் கைகள். ஒவ்வொரு இறக்கையின் நுனியையும் விரலால் தடவிப் பாருங்கள்: நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்தக் கீறல்தான் படத்தில் ஜெல்லி போன்ற அலையாக வரும். வளையக் குறி போட்ட இறக்கை, குறி போட்ட மோட்டாருக்குத்தான். மாற்றி மாட்டினால் எழும்பாமல் கவிழும்.

பேட்டரியைத் தள்ளும்போது 'க்ளிக்' சத்தம் கேட்க வேண்டும், கேட்டபின்னும் ஒருமுறை பின்னுக்கு இழுத்துப் பாருங்கள்.

ஃபில்டரை ட்ரோன் அணைந்திருக்கும்போதே மாட்டுங்கள். ஆன் ஆனபின் மாட்டினால் கிம்பல் உங்கள் கையோடு மல்லுக்கட்டும்.

முதலில் ரிமோட், பிறகு ட்ரோன். இரண்டிலும் ஒருமுறை தட்டிவிட்டு, மறுமுறை அழுத்திப் பிடிக்க வேண்டும். செயற்கைக்கோள் எண்ணிக்கை ஏறும்வரை காத்திருங்கள். ஹோம் பாயிண்ட் (ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானதாகக் குரல் வரும். அந்தக் குரல் வருவதற்கு முன் மோட்டாரைத் தொடாதீர்கள். அவசரப்பட்டுக் கிளம்பினால் நடுவானில் எங்கேயோ இருக்கும்போது ஜிபிஎஸ் கிடைத்து, அந்த இடமே வீடு என்று பதிவாகலாம். அது ஏரிக்கு நடுவாக இருந்தால் சிக்னல் அறுந்ததும் ட்ரோன் நேராக ஏரிக்குள் இறங்கும். படகிலிருந்து பறக்கவிடுபவர்களுக்கும் இதே ஆபத்து. படகு நகர்ந்துவிடும், ஹோம் பாயிண்ட் தண்ணீரிலேயே நிற்கும்.

அடுத்து, திரும்பும் உயரம். சுற்றிலும் உள்ளவற்றில் உயரமானதைப் பாருங்கள். தென்னை 25 மீட்டர் வரை போகும், செல்போன் கோபுரம் 40 மீட்டர் இருக்கலாம். அதற்கு மேல் 15 மீட்டர் சேர்த்து வையுங்கள். சிக்னல் போனால் செய்ய வேண்டியது என்ற இடத்தில் 'வீடு திரும்பு' என்றே இருக்கட்டும்.

மோட்டாரை ஓடவிட இரண்டு ஸ்டிக்கையும் கீழ்நோக்கி உள்பக்கமாக இழுங்கள். இரண்டு மீட்டர் ஏறி, ஒரு நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். நகராமல் நிற்கிறதா, சத்தம் ஒரே சீராக இருக்கிறதா, ஸ்டிக் சொன்ன பக்கம் போகிறதா என்று பார்த்தபின் மேலே செல்லலாம். குளிர்ப் பிரதேசத்தில் இந்த ஒரு நிமிடம் பேட்டரியைச் சூடாக்கவும் உதவும். இந்த ட்ரோனுக்கு இயங்கும் வெப்பநிலை மைனஸ் 10 முதல் 40 டிகிரி வரை. தமிழ்நாட்டு மே மாத நண்பகலில் அந்த மேல் எல்லை எளிதாகத் தாண்டும்.

வெளிச்சத்தைப் பூட்டுதல்

எவ்வளவு விலையுள்ள கேமராவையும் ஆட்டோவில் விட்டால் சாதாரணப் படம்தான் வரும். எல்லாவற்றையும் கைக்குக் கொண்டு வாருங்கள்.

பிரேம் வேகம் 25. ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம், அதில் இரட்டிப்பு: 1/50 நொடி. நகரும் பொருளின் விளிம்பு லேசாகக் கரைந்து தெரிவதால்தான் கண்ணுக்கு ஓட்டம் இயல்பாக இருக்கிறது. 1/2000-இல் எடுத்தால் ஒவ்வொரு பிரேமும் கத்திபோல் கூர்மையாக இருக்கும், சேர்த்து ஓட்டினால் வெட்டி வெட்டி ஓடும். முதலில் சொன்ன குறையின் பிறப்பிடம் இதுதான். இந்தியா, இலங்கை, பிரிட்டன், சிங்கப்பூர் போல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/50 வைத்தால் தெருவிளக்கும் துடிக்காது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ், அங்கே 30 பிரேமும் 1/60-உம்.

இப்போது சிக்கல்: வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும். அதற்குத்தான் என்டி ஃபில்டர். எந்த எண் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய கணக்கு போதும். நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100 என்றால் ஷட்டர் 1/100 சரியாக இருக்கும். எஃப் 5.6-க்கு வந்தால் மூன்று படி வெளிச்சம் கூடி ஷட்டர் 1/800 ஆகிறது. அதை 1/50-க்கு இறக்க நான்கு படி குறைக்க வேண்டும். ஒவ்வொரு படியும் பாதி. இரண்டை நான்கு முறை பெருக்கினால் 16. ஆக என்டி 16. எஃப் 4-இல் என்டி 32. எஃப் 2.8-இல் என்டி 64.

பின்னால் எடிட்டிங்கில் நிறம் சேர்ப்பதற்கான டி-லாக் என்ற தட்டையான நிறத்தில் எடுப்பதானால் கணக்கு மாறும். அதில் ஐஎஸ்ஓ 400-க்குக் கீழே போகாது. இரண்டு படி கூடுகிறது, எஃப் 5.6-க்கே என்டி 64 வேண்டும். காலை ஆறரை, மாலை ஆறு மணி வெளிச்சத்தில் என்டி 8, அல்லது ஃபில்டரே இல்லாமல்.

அபர்ச்சரை எஃப் 4 முதல் 5.6 வரை வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 11 வரை மூடினால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் கூர்மை குறையும். ஃபில்டர் கொண்டு வரவில்லை என்பதற்காக எஃப் 11-இல் எடுப்பதைவிட ஷட்டரைக் கூட்டிவிடுவதே மேல், குறிப்பாக மிக உயரத்திலிருந்து மெதுவாக எடுக்கும் காட்சிக்கு. தரை தொலைவில் இருக்கும்போது வேகமான ஷட்டரின் குறை அவ்வளவாகத் தெரியாது. பத்து மீட்டர் உயரத்தில் நெல் வயலின் மேல் பறக்கும்போது நன்றாகத் தெரியும்.

வெள்ளைச் சமநிலையை பகலுக்கு 5600 கெல்வின் என்று நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால், பச்சை வயலிலிருந்து நீலக் கடலுக்குக் கேமரா திரும்பும்போது படம் முழுவதும் நிறம் மாறும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

ஃபோகஸ்: தொலைவில் உள்ள ஒரு கட்டடத்தின் விளிம்பைத் திரையில் தட்டி, ஃபோகஸ் வந்ததும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டுங்கள். ரிமோட்டின் சிறிய திரையில் லேசான மங்கல் தெரியாது, வீட்டுக்கு வந்தபின்தான் தெரியும். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

ஹிஸ்டோகிராம் (இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம்) திரையில் இருக்கட்டும். வலது ஓரத்தில் முட்டினால் மேகம் வெள்ளைத் தாளாகிவிட்டது என்று பொருள், அந்த விவரம் திரும்பக் கிடைக்காது.

டி-லாக்கில் முதல் நாளே எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதல் சில வாரம் நார்மல் நிறத்தில் எடுத்து வெளிச்சத்தைச் சரியாகப் பிடிக்கப் பழகுங்கள். அதன் பிறகு அதைவிடக் கையாள எளிதான டி-லாக் எம், கடைசியில் டி-லாக். வெளிச்சம் குறைவாக எடுத்த டி-லாக் படத்தைத் தூக்கினால் நிழலெல்லாம் மணல்மணலாகத் தெரியும்.

ஷாட்

பதிவைத் தொடங்கி ஐந்து நொடி நகராமல் நிற்க வேண்டும். நகர்வு முடிந்தபின் மறுபடி ஐந்து நொடி. எடிட்டிங்கில் வெட்ட இடம் வேண்டும். ஒரு ஷாட்டுக்கு ஒரே நோக்கம், ஒரே திசை. ஏறிக்கொண்டே திரும்பிக்கொண்டே குனிந்துகொண்டே என்று எல்லாவற்றையும் சேர்த்தால் பார்ப்பவருக்குத் தலைசுற்றும்.

எளிதில் அழகு தருவது மறைவிலிருந்து வெளிப்படுத்தும் ஷாட். ஒரு பனந்தோப்புக்குப் பின்னால் குளம் இருக்கிறது என்று வையுங்கள். தோப்பைவிட ஆறேழு மீட்டர் மேலே, இந்தப் பக்கம் ட்ரோனை நிறுத்துங்கள். கேமரா நன்றாகக் குனிந்து ஓலைகளை மட்டும் பார்க்கட்டும். பதிவு. ஐந்து நொடி. நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நேராக முன்னே செல்லுங்கள். ஓலை நுனி பிரேமின் நடுவுக்கு வரும்போது சக்கரத்தைத் தொட்டு மெல்ல நிமிர்த்தத் தொடங்குங்கள்: முதலில் கரை, பிறகு தண்ணீர், கடைசியில் அடிவானம். பத்து நொடியில் முடிய வேண்டும். அடிவானம் பிரேமின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வந்ததும் சக்கரத்தை விடுங்கள், ட்ரோன் மட்டும் போய்க்கொண்டிருக்கட்டும். முதல் தடவை நிமிர்த்தல் சீக்கிரம் வந்துவிடும், இரண்டாம் தடவை தாமதமாகும். அதே பாதையில் நான்கைந்து முறை எடுங்கள்.

வேகம் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்தில் நொடிக்கு 3 மீட்டரே பறப்பதுபோல் இருக்கும். நூறு மீட்டரில் நொடிக்கு 8 மீட்டர் போனாலும் நகராததுபோல் தெரியும். புதியவர்கள் எல்லாவற்றையும் 120 மீட்டரில் எடுக்கிறார்கள், வரைபடம் மாதிரிதான் வருகிறது. 15 முதல் 40 மீட்டர் வரைதான் மரத்துக்கும் வீட்டுக்கும் உடம்பு இருக்கும்.

நின்ற இடத்திலேயே திருப்பும்போது, பிரேமின் ஓரத்தில் நுழையும் ஒரு பொருள் மறு ஓரத்துக்குப் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும். அதைவிட வேகமானால் 25 பிரேமில் படம் துடிக்கும்.

70 மி.மீ. கேமராவை மறந்துவிடாதீர்கள். அதுதான் இந்த ட்ரோனுக்குத் தனி அழகு தருவது. ஒரு குன்றை முன்னால் வைத்து, பின்னால் மலைத்தொடர் தெரிய, பக்கவாட்டில் மெல்லப் பறந்தால் முன்னே உள்ளது வேகமாகவும் பின்னே உள்ளது மெதுவாகவும் நகரும். 24 மி.மீ.-இல் அந்த ஆழம் வராது. ஆனால் கை நடுக்கமும் காற்றும் மூன்று மடங்காகத் தெரியும், வேகத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள். 166 மி.மீ. படத்தின் தரம் மற்ற இரண்டுக்கும் கீழே, தொலைவில் என்ன இருக்கிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

சூரியன் முன்னால் மேலே இருக்கும்போது இறக்கையின் நிழல் லென்ஸின் மேல் விழுந்து படத்தின் குறுக்கே கோடுகள் துடிக்கும். கொஞ்சம் குனியுங்கள், அல்லது பாதையைச் சில பாகை மாற்றுங்கள்.

எங்கே தவறும்

கம்பி. தடை உணரிகளுக்கு மின்கம்பியும் இலையில்லாத மெல்லிய கிளையும் தெரியாது. திரையிலும் தெரியாது. கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் இருந்தால் நடுவில் கம்பி இருக்கிறது. பின்னோக்கியும் பக்கவாட்டிலும் பறக்கும் ஷாட்டை எடுக்குமுன் அந்தப் பாதையை ஒருமுறை முன்னோக்கிப் பறந்து பாருங்கள். பட்டம் விடும் காலத்தில் மாஞ்சா நூல் உள்ள இடத்தில் பறக்கவே வேண்டாம்.

தண்ணீர். கீழ்நோக்கிய உணரிகள் தரையின் புள்ளிகளைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கின்றன. அலையும் பளபளப்பும் அவற்றைக் குழப்பும். கடலுக்கும் ஏரிக்கும் மேலே மூன்று மீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள்.

காற்று. இது தாங்கும் காற்று நொடிக்கு 12 மீட்டர். தரையில் இலை அசையாத நேரத்திலும் எண்பது மீட்டரில் பலமாக வீசும். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், பேட்டரி இறங்கியபின் காற்றோடு திரும்பலாம். மாற்றிச் செய்தால், போகும்போது சுகமாக இருக்கும், வரும்போது 30 சதவீதத்தில் நகராமல் நிற்கும். கடற்கரையில் கடற்காற்று எழுவதற்கு முன், விடிந்து இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

பருந்து. வட்டமிட்டுக்கொண்டே நெருங்கினால் நேராக மேலே ஏற்றுங்கள். பருந்தால் அவ்வளவு வேகத்தில் செங்குத்தாக ஏற முடியாது. பிறகு அந்த இடத்தை விட்டு விலகி இறக்குங்கள். கூடு கட்டும் காலமென்றால் அது அதன் இடம், வேறு நாள் வாருங்கள்.

பேட்டரி. 30 சதவீதத்தில் திரும்பத் தொடங்கி, 20-இல் தரையில் இருங்கள். ஒரே ஒரு ஷாட் என்று 15 வரை இழுப்பவர்கள்தான் ட்ரோனை இழக்கிறார்கள். எஞ்சிய மின்சாரம் மிகவும் குறைந்தால் அது உங்களைக் கேட்காமல் நின்ற இடத்திலேயே இறங்கத் தொடங்கும்.

ஆட்கள். திருவிழாக் கூட்டம், தேரோட்டம், கடற்கரைக் கூட்டம் எதன் தலைக்கு மேலும் பறக்காதீர்கள். ஒரு கிலோ எடை நாற்பது மீட்டரிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடுபவருக்கும் தன் தலைக்கு மேல் கேமரா நிற்பது பிடிக்காது.

வீடு வந்தபின்

கார்டை அன்றே இரண்டு இடத்தில் நகலெடுங்கள். எச்.265 என்ற முறையில் மிகவும் சுருக்கிய வீடியோக் கோப்பு சாதாரண மடிக்கணினியில் திக்கித் திக்கி ஓடும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ப்ராக்ஸி (எளிதில் ஓடும் சிறிய நகல்) உருவாக்கிக்கொண்டு வெட்டுங்கள், காலக்கோடு 25 பிரேம். டி-லாக் படத்துக்கு டிஜேஐ தரும் நிற மாற்றக் கோப்பைப் போட்டுவிட்டு, அதற்கு முன் நிலையில் வெளிச்சத்தைத் திருத்துங்கள். அடிவானம் அரை பாகை சாய்ந்திருந்தால் எடிட்டிங்கில் சுழற்றி நேராக்கலாம், அடுத்த முறை பறப்பதற்கு முன் கிம்பலைச் சமதரையில் வைத்துச் சீரமையுங்கள். கூர்மையைக் கூட்டும் ஆசையை அடக்குங்கள், இலைகளெல்லாம் கொதிப்பதுபோல் தெரியும்.

சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள். ஆறட்டும், 40 டிகிரிக்கு மேல் இருந்தால் சார்ஜ் ஏறக்கூடாது. பத்து நாளுக்கு மேல் பறக்கப்போவதில்லை என்றால் 50, 60 சதவீதத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவே கூடாது. விமானத்தில் போகும்போது பேட்டரிகள் கைப்பையில்தான். ஒன்று 77 வாட்-மணி, 100 என்ற எல்லைக்குள் வருகிறது. முனைகளை மூடி வைத்துக் கொண்டு செல்லுங்கள்.

கடலோரம் பறந்திருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இறக்கைகளையும் கைகளையும் உடலையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மோட்டாரைச் சுற்றி ஊதுகுழலால் ஊதி, ஒவ்வொன்றையும் விரலால் ஒரு சுற்று சுழற்றிப் பாருங்கள். நெறுநெறுவென்றால் உள்ளே மணல் இருக்கிறது. அதை எடுக்கும் வரை அடுத்த பேட்டரியைப் போடாதீர்கள்.